கணக்கில் வராத கை

அவள் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, "யாரைக் கேட்டு எம்பேரை வெளிய விட்ட?" என்று சண்டைக்கு நிற்பாள். உயிரோடு இருந்தபோதே பேர் கேட்டால் அவளுக்கு ஆகாது. கணக்கெடுக்க வந்த டீச்சர் பிள்ளை வாசலில் நின்று பேர் கேட்டதற்கு, "மொதல்ல ஒம்பேரைச் சொல்லு, ஒங்க அப்பன் பேரைச் சொல்லு, அப்பறம் பாப்போம்" என்று சொன்னவள். எங்கள் சந்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்த கிழவிகளும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் துணி துவைக்கிற ஆயாவாக இருந்தாள். பிள்ளைகளின் கால்சட்டைப் பையை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போடவேண்டும். வருசக்கணக்கில் அப்படி இழுத்துப் பார்த்து, உலகமே அவளுக்கு ஒரு பெரிய கால்சட்டையாகிவிட்டது. பாதி தின்ற பன், செத்த பொன்வண்டு, அடுத்த பிள்ளையின் பேனா என்று என்னென்னவோ கிடைத்திருக்கிறது. ஒரு தடவை உயிரோடு ஒரு தவளை. "அதை உள்ள வச்சுக்கிட்டு அந்தப் பய சிரிச்ச மொகமாத்தான் நின்னான்" என்பாள். அன்றைக்குப் பிடித்தது, யார் சிரித்தாலும் அவளுக்குத் தவளை ஞாபகம் வந்துவிடும்.

அடுத்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். கல்யாணத்துக்குப் போனாலும் பாட்டிலில் சொந்த வெந்நீர்தான். பந்தியில் உட்காருவாள், ஒவ்வொன்றையும் குனிந்து மோந்து பார்ப்பாள், "வயித்துக்குச் சரியில்ல" என்று எழுந்துவிடுவாள். நான் ஒவ்வொரு வருசமும் பொங்கல் கொண்டுபோய்க் கொடுப்பேன். நான் யார், சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டுக்காரி! "வாசம் நல்லாருக்கு" என்று வாங்கிக்கொள்வாள். தின்றாளா என்று தெரியாது. அவள் வீட்டுக் கோழிகள் மட்டும் தை மாசத்தில் ஒரு சுற்று பருத்திருக்கும்.

ஒரு வீட்டை எடைபோட அவளுக்கு ஒரு வழி இருந்தது. "வாசக் கோலத்தைப் பாக்காத, பின்னாடி கொடியைப் பாரு. கோலம் ஊருக்குப் போடுறது. துணி தனக்குக் காயப் போடுறது" என்பாள்.

அதிலும் தப்பு வரும். சந்து முனையில் ஒருத்தன் குடிவந்தான். அவன் கொடியில் துணியே கிடையாது. "துவைக்காத மனுசன் உண்டா? ராத்திரியே துவைச்சு மறைக்கிறான், களவாணிப் பய" என்று எங்களையெல்லாம் பயமுறுத்தியதில், நாங்கள் பகலிலும் கதவைச் சாத்தினோம். கடைசியில் பார்த்தால் பாவம், போட்டிருந்ததைத் தவிர அவனிடம் மாற்றுத் துணி கிடையாது. மறுநாள் அவன் வாசலில் ஒரு கம்பளிச் சட்டை மடித்து வைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்பாரில்லாமல் கிடக்கிற சட்டை மாதிரியே இருந்தது. "நீதான வச்ச?" என்று கேட்டேன். "எவனோ வச்சிருக்கான். எதுக்கு வச்சான்னு விசாரி" என்று என்னையே ஏவிவிட்டாள்!

எங்கே விட்டேன்? ஆங், மழையில் நடந்த கதையைத்தான் சொல்ல வந்தேன். என் பேத்தி செல்விக்கு மாப்பிள்ளை பார்த்த கதை.

செல்வி, என் மகள் வயிற்றுப் பேத்தி. அவளை நடை பழகும் முன்னாலேயே என் மடியில் போட்டுவிட்டு என் மகள் கோயம்புத்தூர் மில்லுக்குப் போனாள். பொங்கலுக்கு வருவாள், போவாள். ஆக, செல்விக்கு ஆத்தாளும் நான்தான், அப்பனும் நான்தான். சாக்லேட் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தாள். தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். வெள்ளகவிக்கும் கீழே ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பேரும் வேண்டாம். காப்பி, மிளகு, வாழை உண்டு. பையன் முருகேசன் தோட்டமும் பார்ப்பான், மலை நடக்க வருகிற பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வழியும் காட்டுவான். ரோடு மட்டும் கிடையாது. கொடைக்கானலிலிருந்து கும்பக்கரை வரைக்கும் மலையோடு மலையாக இறங்குகிற பழைய ஒத்தையடிப் பாதைதான். அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் நடந்தார்கள். இப்போது காசு கொடுத்து நடக்கிறார்கள்.

"அம்மாச்சி, நீ போய்ப் பாரு. நீ சரின்னா சரி" என்று செல்வி சொல்லிவிட்டாள். இப்படிச் சொல்லிவிட்டால் சுமை முழுக்க நம் தலையில்தானே? அதனால் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட என் சிநேகிதி பாக்கியம். பசி தாங்கமாட்டாள், பகை தெரியாது, சிரித்துக்கொண்டே இருப்பாள்.

பார்த்து வைத்த நாள் ஐப்பசியில் விழுந்தது. அடைமழை. மாற்றவா முடியும்? வெள்ளனே கிளம்பி வட்டக்கானலில் இறங்கினோம். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாதே! பாக்கியம் வழியில் ஒரு கல்லைப் பொறுக்கி, "இது நாலாவது ஆளு" என்று பைக்குள் போட்டுக்கொண்டாள். அக்கா சிலுவைக்காரி, இருந்தாலும் கல்லைத் தூக்கிப் பார்த்து, "சின்ன ஆளா இருக்கே" என்று மட்டும் சொன்னாள்.

பாதை தொடங்கும் இடத்தில் முருகேசனே வந்து மழையில் நின்றுகொண்டிருந்தான்.

"வாங்கம்மா. குடை இதுல ஆகாது, கெளையில மாட்டும். கொங்காணி கொண்டாந்திருக்கேன்" என்றான்.

உரச்சாக்கை மூலையில் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வதுதான் கொங்காணி. முதுகு வரைக்கும் நனையாது. கழுத்தில் கட்டக் கயிறும் கோத்துக் கொண்டுவந்திருந்தான்.

"இப்ப நாம நாலு பேரு. கல்லைப் போட்டுறவா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"வச்சுக்க. இவன் மாப்பிள்ளை வீட்டு ஆளு. நம்ம பக்கத்துக் கணக்குல வரமாட்டான்" என்றாள் அக்கா. பிறகு என் காதில், "இவன் ஏன் வந்தான்? வழி காட்டவா, வழி மறைக்கவா?" என்றாள்.

முருகேசன் பாக்கியத்துக்குக் கொங்காணியைக் கவிழ்த்து, கயிற்றைக் காதோரமாக முடிச்சுப் போட்டு, கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் ரெண்டு விரலை விட்டுப் பார்த்து, தலையில் லேசாகத் தட்டினான்.

"ஆத்தாடி! தாலி கட்டுனவன்கூட எனக்கு இப்படிக் கட்டிவிட்டதில்ல" என்று பாக்கியம் பூரித்துப்போனாள்.

அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "முடிச்சைப் பாத்தியா? தாடைக்குக் கீழ போடல. உறுத்தும்னு காதோரம் போடுறான். எறுகுதான்னு விரல் விட்டுப் பாக்குறான். இது கெழவிகளுக்குக் கட்டிப் பழகுன கை இல்ல."

"பின்ன?"

"நட. வாயைத் தொறக்காத."

சோலைக்குள் இறங்கினோம். மழை மேலேயிருந்து ஒரு தடவை பெய்தால், மரத்திலிருந்து இன்னொரு தடவை பெய்தது. மூடுபனியில் முன்னால் போகிறவள் சாக்கு மட்டும்தான் தெரிந்தது. அட்டை சும்மா இருக்குமா? பாக்கியம் காலில் ஏறிவிட்டது. அவள் போட்ட கூச்சலில் குரங்கு ஓடியது. முருகேசன் குத்தவைத்து உட்கார்ந்து, துணியில் கட்டியிருந்த உப்பை அதன்மேல் ஒற்றினான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல... இந்தா போயிருச்சு... அட்டை அதோட வீட்டுக்குப் போயிருச்சு."

பாக்கியத்துக்குக் கொள்ளுப்பேரன் இருக்கிறான்.

"கேட்டியா பாட்டை?" என்றாள் அக்கா.

கீழேயிருந்து மஞ்சளும் நீலமுமாக மழைக்கோட்டு போட்ட பிள்ளைகள் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். "ஆன்ட்டி, டாப்புக்கு இன்னும் எவ்ளோ தூரம்?" என்று ஒரு பெண் கேட்டாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்து, "எதுக்குக் கேக்குற?" என்றாள். அந்தப் பெண் முழித்த முழி இருக்கிறதே! நான்தான் சமாதானமாக, "இந்தா வந்துரும் தாயி" என்று பொய் சொல்லி அனுப்பிவைத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அக்கா விசாரணையை ஆரம்பித்தாள். "ஏய்யா, வீட்டுல யார் யாரு?"

"நானு, எங்கம்மா."

"அவ்வளவுதானா?"

"பாத்து வாங்கம்மா, அந்த வேரு வழுக்கும்."

"நான் ஆளைக் கேட்டேன், அவன் வேரைச் சொல்றான்" என்று என்னிடம் முணுமுணுத்தாள். எனக்கு மழைக்குளிரோடு இன்னொரு குளிரும் சேர்ந்துகொண்டது. பேத்தியை இவனுக்குக் கொடுக்கவா, வேண்டாமா என்கிற நினைப்போடு நடந்தால் பாதை ரெண்டு மடங்கு நீளம்.

ஓடையில் முழங்கால் வரை தண்ணீர் போனது. முருகேசன் கரைக்கு வந்ததும், யோசிக்காமல், பாக்கியத்துக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "ஏறிக்க" என்றான்.

பாக்கியம் ரெண்டு ஆள் கனம். அவளை உப்புமூட்டை தூக்குவதா? அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்கு மூஞ்சி சுண்டிப்போயிற்று. "இல்லம்மா... பழக்கத்துல..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்தி எழுந்து, கையை நீட்டினான்.

அக்கா சிரிக்கவில்லை. தண்ணீரில் நின்றபடியே என் காதில் சொன்னாள்: "இவனுக்குப் பிள்ளை இருக்கு."

அவ்வளவுதான், ஓடை நடுவிலேயே நின்றுவிட்டேன். பிள்ளை இருந்தால் பெண்டாட்டி எங்கே? செத்தாளா, ஓடினாளா, இல்லை இன்னும் அங்கேதான் இருக்கிறாளா? தரகர் "தலைக் கல்யாணம்" என்று அல்லவா சொன்னார்! திரும்பிவிடலாம் என்றேன். "நம்மூர்ல சந்தேகத்துக்குப் பேரு சாட்சி இல்ல. போயிப் பாத்துருவோம்" என்று அவள் முன்னால் நடந்தாள்.

அவன் வீட்டில் அவன் அம்மா கால் கழுவ வெந்நீர் வைத்திருந்தாள். உள்ளே நாட்டுக்கோழிக் குழம்பு. வீட்டு மிளகை அரைத்துப் போட்டால் எப்படி இருக்கும்! மழையில் நனைந்து, காலையிலிருந்து பட்டினி, அந்த வாசம் மூக்கில் ஏறினால் யாருக்குத்தான் தாங்கும்?

ஆனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், சம்மதம் என்று மனசு முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக்கூடாது. சோற்றில் கை பட்டால் பெண்ணைக் கொடுத்த மாதிரி. சாப்பிடாமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். காப்பிகூட அப்படித்தான்.

"ஒரு வாய் காப்பியாவது..." என்றாள் அந்த அம்மா.

"இருக்கட்டும் மதினி, பேசிட்டுச் சாப்பிடுவோம்" என்றேன். பல் தந்தியடித்தது. பாக்கியம் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேலை சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கு. அடுப்புக்கிட்ட நின்னுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, வரலாமா என்றுகூடக் கேட்காமல் அக்கா என்னை உள்ளே இழுத்தாள்.

மழைக்காலத்தில் மலையூரில் துணி காயும் இடம் அடுப்புக்கு மேலேதானே. அங்கேயும் குறுக்காகக் கொடி கட்டியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு சேலை, அந்தப் பக்கம் கைலி, சட்டை. நடுவில் வெறும் கயிறு. அக்கா மேலே பார்க்கவில்லை, கீழே பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த வெறும் கயிற்றுக்கு நேர் கீழே, சாணி மெழுகின தரையில், வரிசையாகச் சொட்டுச் சொட்டாக ஈரம். கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை அங்கே ஏதோ தொங்கியிருக்கிறது.

அக்கா நேரே முன்னறைக்கு வந்தாள். பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளை எங்க?"

அந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பிள்ளை? இங்க ஏது பிள்ளை..."

"சும்மா இரும்மா" என்றான் முருகேசன். கொங்காணியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

திரும்பி வந்தபோது அவன் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. தலையில் குட்டிக் கொங்காணி, காதோரம் முடிச்சு. எங்களை ஒரு தடவை பார்த்தது. "மாமா, இவங்களையும் அட்டை கடிச்சுச்சா?" என்று கேட்டது.

"எங்க அக்கா பிள்ளைம்மா" என்றான் அவன். "அது திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போச்சு. மொதல்ல போன் பண்ணுச்சு. இப்ப எடுக்குறதில்ல. இவ எங்கூடத்தான் இருப்பா. இதைச் சொன்னா பொண்ணு அமையாதுன்னு தரகர் சொன்னாரு, அம்மா பயந்துருச்சு. நான் வர்ற வழியிலயே சொல்லிருவோம்னு பாத்தேன். வாய் வரல."

அந்த அம்மா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே வட்டில்களை எடுத்து வைத்தாள். "தப்புதான். ஆனா வந்தவங்க சாப்பிடாம மட்டும் போயிறாதீங்க. ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. நீங்க பட்டினியா படியெறங்கிப் போனா, அப்பறம் எவன் எம்மகனுக்குப் பொண்ணு குடுப்பான்?"

நான் என்ன செய்வேன்? சாப்பிட்டால் பேத்தியைக் கொடுத்தாயிற்று. அவளைக் கேட்காமல், ஒளித்து வைத்த வீட்டில் கொடுத்தாயிற்று. சாப்பிடாவிட்டால் ஒரு பிள்ளையைக் காரணம் காட்டி, அதன் முகத்துக்கு நேரே, வேண்டாம் என்றாயிற்று. அதுவோ வாசல்படியில் உட்கார்ந்து பாக்கியத்தின் கல்லை வாங்கி உருட்டிக்கொண்டிருந்தது.

அப்போது அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எனக்குப் போடுங்க" என்றாள்.

எனக்குக் காது கேட்டது சரிதானா என்று இருந்தது. பச்சைத் தண்ணீர் குடிக்காதவள்! மோந்துகூடப் பார்க்கவில்லை. சோற்றில் கையை வைத்துப் பிசைந்தாள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழம்பை ஊற்றினாள். நானும் உட்காரப் போனேன். அக்காவின் இடது கை என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தியது. பாக்கியம் வட்டிலை எட்டினாள். "இவளுக்கு வயித்துப்போக்கு. போடாதீங்க" என்றாள் அக்கா. பாக்கியத்தின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பேத்தியை இவள் எப்படிக் கொடுக்கலாம்? பொய் சொல்லிப் பிடிபட்ட வீட்டில் இவள் ரகசியமாக என்ன வாங்கிக்கொண்டாள்? சந்தேகப்படுவது அவள் சோலி, அன்றைக்கு அந்தச் சோலியை நான் பார்த்தேன். மறுசோறு வேறு வாங்கினாள், மகராசி!

கிளம்பும்போது முருகேசன் ஓடை வரைக்கும் வந்தான். என்னிடம் தனியாக, "நீங்க சாப்பிடலம்மா, பாத்தேன். பரவால்ல. அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லிருங்க" என்றான்.

"நல்லாப் பேசுறான். அதான் பயமா இருக்கு" என்றாள் அக்கா, அவன் தலை மறைந்ததும்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. "நீ மட்டும் மூக்குமுட்டத் தின்னுட்டு, எம்பேத்தியைக் குடுத்துட்டு வந்துட்டியே, நீ மனுசியா?" என்று நடுப்பாதையில் நின்று கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கொங்காணிக்குள் முகம் சிறுத்துத் தெரிந்தது. "நான் ஒனக்கு யாரு?"

"யாரா? அக்கா!"

"என்ன அக்கா? கூடப் பெறந்தவளா? ஒங்க சாதிசனமா? ஒங்க சாமியைக்கூடக் கும்புடாதவ. பக்கத்து வீட்டுக்காரி. என் கை நனைஞ்சா அது கணக்குல வராதுடி. அந்தப் பொம்பளைக்கு, சாப்பிட்டுத்தான் போனாகன்னு ஊருக்குச் சொல்ல ஒரு எச்சி வட்டில் கெடச்சிச்சு. ஒன் கை காஞ்சு கெடக்கு. வேணும்னும் சொல்லலாம், வேணாம்னும் சொல்லலாம். செல்வி சொல்லட்டும்."

நான் அப்படியே வேர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப அவனை நம்பிட்டியா?" என்றாள் பாக்கியம்.

"எவ நம்புனா? மாமான்னு கூப்புடப் பழக்கியிருக்கலாம்." கொஞ்ச தூரம் ஏறிவிட்டு, "ஆனா கள்ளனா இருந்தா தரையைத் தொடச்சிருப்பான்" என்றாள்.

வயிறு நிறைந்தவள் முன்னால் வெரசா ஏற, நாங்கள் ரெண்டு பேரும் பட்டினியாகப் பின்னால் ஏறினோம். பாக்கியம் வழி முழுக்க அந்தக் கோழியைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். காரம் எப்படி, கறி வெந்திருந்ததா என்று. ராத்திரி முழுக்க அக்கா வீட்டில் இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டுச் சோறு வயிற்றில் இறங்கிய பயம்.

செல்வியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சொட்டு, குட்டிக் கொங்காணி, திருப்பூர் எல்லாம். கேட்டு முடித்தாள். பிறகு, "அம்மாச்சி, என்னையும் யாராச்சும் வந்தா ஒளிச்சு வச்சிருப்பியா?" என்றாள்.

"ஒத்த அறை வீடு. ஒளிக்க எங்கடி எடம்?" என்றேன்.

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நானே போய்ப் பாக்குறேன்."

பெண் போய் மாப்பிள்ளை வீடு பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. இருந்தாலும் போனோம். அதே பாதை, அதே மழை. அக்காவும் வந்தாள், தரகர் இன்னும் என்னவெல்லாம் மறைத்தாரோ என்று. இந்தத் தடவை பாக்கியத்தோடு நாங்கள் நாலு பேர், கல் தேவைப்படவில்லை. முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். திடுதிப்பென்று போய் வாசலில் நின்றோம்.

செல்வி அந்தப் பிள்ளையோடு வாசலில் உட்கார்ந்து ஏதேதோ பேசினாள். முருகேசனோடும் கொஞ்சம் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, "பசிக்குது அத்தை, என்ன இருக்கு?" என்று அவளாகவே வட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பழைய சோறும் பச்சை மிளகும்தான் இருந்தது. அவள் கை நனைந்தது. பிறகு என் கையும் நனைந்தது. பாக்கியத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அக்கா சாப்பிட உட்காரவில்லை. அடுப்படி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே கொடியின் நடுவில், இந்தப் பக்கம் சேலைக்கும் அந்தப் பக்கம் கைலிக்கும் நடுவே, ஒரு சின்னக் கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

அக்கா அதன் ஓரத்தை ரெண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"சரியாவே புழியல" என்றாள். "ஆம்பளை துவைச்சது."

சாகும்வரைக்கும் ஒரு மனுசனை அதற்குமேல் அவள் பாராட்டி நான் கேட்டதில்லை.